முல்லைத்தீவில் கைக்கு அடக்கமான விலையில் மீன் சோறு: லொறி ஏற்றாத மீனைத் தேடுங்கள்

கேள்வி இதுதான். மே மாத நடுவில் குடும்பமாக நான்கு பேர் கொழும்பிலிருந்து முல்லைத்தீவுக்கு வந்து மூன்று நாட்கள் நிற்கப் போகிறீர்கள். போன தடவை கடலைப் பார்த்தபடி இருந்த ஓர் இடத்தில் உட்கார்ந்து, அறுக்குளாப் பொரியலுக்குப் பெரிய தொகை கொடுத்து, ஐஸ் வாடை அடிக்கும் மீனைத் தின்றுவிட்டுத் திரும்பினீர்கள். இந்த முறை உள்ளூர் ஆட்கள் சாப்பிடும் கடை வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும், கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசி விருப்பத்தை முதலில் விட்டுவிடுங்கள். முல்லைத்தீவில் கடல் காற்றும் நல்ல மீன் சோறும் ஒரே வாங்கில் கிடைப்பது அரிது. மீன் கரைக்கு வருகிற நேரம் விடியற்காலை. அது சமையலாகும் இடம் நகரத்துக்குள், மணலிலிருந்து தள்ளி. நீங்கள் காற்று வாங்கக் கடற்கரைக்குப் போகும் மாலை நேரத்தில் அன்றைய மீனின் கதை முடிந்திருக்கும்.

நான் இந்தக் கரையோரத்தில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் பத்து வருடங்களுக்கு மேல் கணக்கு எழுதியவன். எந்த மீன் எந்தப் பெட்டியில் ஏறி எங்கே போகிறது என்று நாள்தோறும் எழுதி எழுதியே எனக்குச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிய அறிவு வந்தது. அதனால் உங்களுக்கு ஒரு கடையின் பெயரைச் சொல்வதைவிட மீன் போகும் வழியைச் சொல்கிறேன். கடைகள் இடம் மாறும், கை மாறும். மீனின் வழி மாறுவதில்லை.

படகுகள் விடியும்போது வரும். கரைவலை இழுக்கும் இடங்களில் வெயில் ஏறிய பிறகும் வலை வந்துகொண்டிருக்கும். மீன் மணலில் கொட்டப்பட்டதும் ஏலம் தொடங்கும். பக்கத்தில் ஐஸ் பெட்டிகளோடு லொறிகள் நிற்கும். அறுக்குளா, பெரிய பாரை, விளைமீன், கணவாய், பருத்த இறால் எல்லாம் அந்த லொறிகளில் ஏறி இரவோடு இரவாகக் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பேலியகொடைச் சந்தைக்குப் போய்விடும். நண்டு வாங்கத் தனியாக ஆட்கள் வருவார்கள். நீல நண்டு பதப்படுத்தும் நிலையங்களுக்குப் போய் அங்கிருந்து கப்பலேறுகிறது. கடலட்டை முழுவதும் வெளிநாட்டுக்குத்தான். அதை எங்கள் வீடுகளில் யாரும் சமைப்பதே இல்லை. ஆகவே நீங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் வாங்கும் அறுக்குளாகூட இந்தக் கடலில் பிடித்ததாக இருக்கலாம். அந்த மீனைத் தேடி முல்லைத்தீவுக்கு வந்தால், லொறிக்குத் தப்பிய ஒன்றிரண்டு துண்டுகளை ஐஸ் பெட்டிக்குள் பல நாள் வைத்திருந்து, வெளியூர் ஆள் கேட்கும்போது எடுத்துப் பொரித்துக் கொடுப்பார்கள். போன தடவை உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

லொறி ஏற்றாத மீன் கரையில் மிஞ்சுகிறது. சூடை, கீரி, சாளை, முரல், ஓரா, திருக்கை, பெரிய மீன்களின் தலைகள். இவற்றை நிறுப்பதில்லை, கூறு கூறாகக் குவித்து ஒரு குவியலுக்கு ஒரு விலை பேசுவார்கள். உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகளின் சட்டிக்குள் போவது இந்தக் கூறு மீன்தான். அதன் மலிவுக்கும் ருசிக்கும் காரணம் ஒன்றே: தூரம் போகாத மீன், பிடித்த சில மணி நேரத்துக்குள் கொதிக்கத் தொடங்கிவிடுகிறது.

மீள்குடியேறி வந்த முதல் வருடங்களில் எனக்கே இது தெரியாது. மதியத்துக்கு ஒரு பணிசும் பால் தேத்தண்ணீரும்தான். ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு பெண் தினமும் இரண்டு மூன்று கூறு வாங்குவதைக் கவனித்தேன். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசை எடுக்கமாட்டார். சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தாலும் கையை உதறிவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விடுவார். ஒரு வீட்டுக்கு இவ்வளவு மீன் எதற்கு என்று ஏலம் கூறுகிறவரிடம் கேட்டேன். "கடைக்கு, ஐயா. பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் அந்த அக்கா சோறு கொடுக்கிறார். ஒரு மணிக்குப் பிறகு போனால் சட்டியைத்தான் பார்க்கலாம்" என்றார்.

பன்னிரண்டேகாலுக்குப் போனேன். தகரக் கூரை, பெயர்ப் பலகை இல்லை, நீள வாங்குகள் நான்கு. கதவில் சோக்கட்டியால் அன்றைய கறிகளும் விலையும் எழுதியிருந்தது. சிவப்பு நாட்டரிசிச் சோறு, பருப்பு, பூசணிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல், ஓரமாக மொறுமொறுவென்று இரண்டு சூடைப் பொரியல், நடுவே திருக்கைக் கறி. வறுத்த தூளும் பழப்புளியும் சேர்ந்து திரண்டு, எண்ணெய் ஓரம் கட்டிய கறி. திருக்கையின் மெல்லிய எலும்பு நாக்கில் நெரிபட்ட அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்துக்குப் பிறகு, வீட்டுக்கு வெளியே அப்படி ஒரு சாப்பாடு அதுவே முதல் தடவை. இரண்டாம் முறை சோறு கேட்டபோது, "சோற்றுக்கும் மரக்கறிக்கும் கணக்கில்லை, தம்பி. மீனுக்கு மட்டும் காசு" என்றார். முல்லைத்தீவு சேர்ந்த இந்த வன்னிப் பகுதியில் உட்கார்ந்து சாப்பிடும் கடைகள் பலவற்றில் இன்னும் இந்த வழக்கம் இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

"நாள்பட்ட திருக்கையை வாங்கிவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று பின்னொரு நாள் அவரிடம் கேட்டேன். "சமைத்தாலும் காட்டிக் கொடுத்துவிடுமே" என்றார். அனுபவத்தில் அவர் சொன்னதற்குப் பின்னால் அறிவியல் இருக்கிறது. திருக்கை, சுறா போன்றவற்றின் தசையில் யூரியா நிறைய உண்டு. மீன் பழுதாகத் தொடங்கும்போது பக்டீரியாக்கள் அதை அமோனியாவாக மாற்றுகின்றன. அந்தக் காட்டமான மூத்திர வாடையை எவ்வளவு மிளகு போட்டாலும் மறைக்க முடியாது. அதனால் புதிய கடை ஒன்றுக்குள் நுழைந்தால் நான் முதலில் கேட்பது திருக்கைக் கறி அல்லது சுறா வறை. அது மணமாக இருந்தால் மற்ற மீனையும் நம்பிச் சாப்பிடுவேன்.

சூடையும் சாளையும் சூரையும் வேறு வகை. இவை வெயிலில் கிடந்தால் மீனின் தசைக்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். அதற்கு வாடை வராமலும் இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலை இடிக்கும். ஆட்கள் "எனக்கு மீன் ஒத்துவராது" என்று சொல்லிக்கொண்டு திரிவதில் ஒரு பகுதி இதனால்தான். இந்த மீன்களை மதியத்தில் மட்டும் சாப்பிடுங்கள். இரவு ஏழு மணிக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் குவித்து வைத்திருக்கும் சூடைப் பொரியலைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கடையைக் கண்டுபிடிக்கும் வழி இப்போது விளங்கியிருக்கும். முதல் நாள் காலையில் ஆறு, ஆறரைக்குக் கரைக்குப் போங்கள். பிள்ளைகளுக்கு வலை இழுப்பதும் ஏலமும் நல்ல காட்சி. ஏலம் ஓய்ந்ததும் அங்கே நிற்கிற ஒருவரிடம் கேளுங்கள். "நல்ல கடை எது?" என்று கேட்டால், வெளியூர் ஆட்கள் என்று பார்த்துப் பெரிய இடத்தைக் கையால் காட்டுவார்கள். "சாப்பாட்டுக் கடைக்கு யார் இங்கே தினமும் மீன் வாங்குகிறார்கள்?" என்று கேளுங்கள். கேள்வி மாறினால் பதிலும் மாறும். உங்களுக்கு ஓர் அக்காவையோ ஓர் ஐயாவையோ நேரடியாகக் காட்டிவிடுவார்கள். அவரிடமே அன்று என்ன சமையல், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டு, நான்கு பேர் என்று சொல்லி வைத்துவிடலாம்.

கரைக்குப் போக முடியாவிட்டால் பஸ் நிலையத்தைச் சுற்றியும், கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) ஆஸ்பத்திரிக்கும் போகும் வீதிகளிலும் பாருங்கள். அலுவலகத்தில் வேலை செய்கிறவர் மாதம் இருபது நாள் ஒரே கடையில் சாப்பிடுகிறார். அவரை ஒரு தடவை ஏமாற்றினால் மறுநாள் வரமாட்டார் என்பது கடைக்காரருக்குத் தெரியும். முள்ளியவளைப் பக்கமும் புதுக்குடியிருப்புச் சந்தையைச் சுற்றியும் இப்படிப்பட்ட கடைகள் உண்டு. பரந்தன் வழியாக வருகிறீர்கள் என்றால் புதுக்குடியிருப்பில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வட்டுவாகல் பாலத்தைக் கடக்கலாம். பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட நேரத்தைத் தவறவிடாதீர்கள். இரண்டு மணிக்குப் போய், மிஞ்சிய கறியைச் சாப்பிட்டுவிட்டுக் கடையைக் குறை சொல்வது நியாயமில்லை.

"காலங்காலமாக நடக்கும் பழைய கடை" என்று இங்கே தேடாதீர்கள். முல்லைத்தீவு நகரம் கடலுக்கும் நந்திக்கடல் என்ற களப்புக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை அதைத் துடைத்தெடுத்தது. மிச்சத்தை 2009 வரை நடந்த யுத்தம் கொண்டுபோனது. இன்று நீங்கள் காணும் சின்னக் கடைகளில் பெரும்பாலானவை சட்டி பானைகூட இல்லாமல் மறுபடி தொடங்கியவை. பலவற்றை நடத்துகிறவர்கள் குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள். சுவரில் பூச்சு இல்லை, வாங்கு ஆடுகிறது என்பதைப் பார்த்து வெளியேறிவிடாதீர்கள். கை கழுவும் இடம், குடிதண்ணீர்ப் பானையின் மூடி, சட்டிகளின் மேல் ஈ இருக்கிறதா என்பவற்றைப் பாருங்கள்.

விலையைப் பற்றி. நான் இன்று ஒரு தொகையை எழுதினால் நீங்கள் வரும்போது அது பொய்யாகியிருக்கும். 2022 செப்டெம்பரில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, சோற்று விலையை ஒரு நிலையான எண்ணாக நினைப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். எனது அளவுகோல் பிளேன்டி, அதாவது பால் விடாத தேத்தண்ணீர். உட்கார்ந்ததும் ஒரு பிளேன்டி கேட்டு விலையை விசாரிப்பேன். பஸ் நிலையத் தேத்தண்ணீர்க் கடையில் விற்கும் விலைக்கே இங்கேயும் விற்றால், சோற்றிலும் என்னை உள்ளூர் ஆளாகத்தான் நடத்துவார்கள். இரண்டு மடங்கு சொன்னால் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிவிடலாம். விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. சோக்கட்டியில் எழுதிய கதவும் பட்டியல்தான். நண்டுக் கறி, இறால், கணவாய் மூன்றுக்கும் மட்டும் தட்டில் போடுவதற்கு முன்பே விலையைக் கேளுங்கள். ஏற்றுமதிக்காரர்களோடு போட்டி போட்டு வாங்கியதால் அவை மலிவாக இருக்க வழியில்லை. நந்திக்கடல் இறால், அதுவும் சின்ன இறாலைக் கத்தரிக்காயோடு சமைத்தது கிடைத்தால் மட்டும் விலையை இரண்டாவதாகப் பாருங்கள். கடல் இறாலில் இல்லாத ஓர் இனிப்பு அந்தக் களப்பு இறாலில் இருக்கிறது.

செலவை இன்னும் குறைக்க வேண்டுமானால் பார்சல் எடுங்கள். பார்சலில் கட்டும் சோறு ஒரு ஆளால் முடிக்க முடியாத அளவு. இரண்டு பார்சலும் மேலதிகமாக இரண்டு மீன் துண்டும் உங்கள் நான்கு பேருக்கும் போதும். வீட்டிலிருந்து மூடியுள்ள பாத்திரம் கொண்டுவந்தால் பொலித்தீன் தாளைத் தவிர்க்கலாம், குழம்பும் சிந்தாது. அப்போது கடற்கரையில் தாழை நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம். நீங்கள் கேட்ட கடலும் கிடைத்துவிடுகிறது.

காலைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. ஏழு மணிக்கு எந்தக் கடையில் இடியப்பமும் சொதியும் ஆவி பறக்கின்றனவோ அங்கே போங்கள். இரவில் கொத்து ரொட்டி அல்லது புட்டு. A9 வீதியால் வருகிறீர்கள் என்றால் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அம்மாச்சி உணவகங்கள் இருக்கின்றன. விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோடு பெண்கள் நடத்துபவை. குரக்கன் புட்டு, தோசை, உளுந்து வடை, இலைக்கஞ்சி என்று கண்ணுக்கு முன்னால் சுட்டுத் தருவார்கள், விலையும் குறைவு. மீனைத் தேடி அங்கே போகாதீர்கள்.

நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பல சைவக் கடைகளில் மரக்கறிதான். கத்தோலிக்கக் கடற்கரைக் கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை; ஆகவே ஞாயிறு மதியம் மீன் குறைவு, இருப்பதும் சனிக்கிழமையின் மீன். அந்த நாளில் கோழியோ முட்டையோ கேட்பது நல்லது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வரும். சிலாவத்தைக் கடலில் எடுத்த உப்புநீரில் விளக்கெரியும் கோயில் அது. ஊரே விரதமாக இருக்கும். உங்கள் நாட்கள் அதோடு சேர்ந்தால் மீனை மறந்துவிட்டு அன்னதானத்தில் உட்காருங்கள். அங்கே போடும் கத்தரிக்காய்க் குழம்புக்கும் பருப்புக்கும் ஈடாக எந்தக் கடையிலும் நான் சாப்பிட்டதில்லை.

மே மாத நடு என்று எழுதியிருக்கிறீர்கள். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான 18 ஆம் திகதிக்கு முந்திய அந்த வாரத்தில் சந்திகளிலும் கோயில் வாசல்களிலும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். 2009 யுத்தத்தில் முள்ளிவாய்க்கால் கரையில் சிக்கியிருந்த சனத்துக்குக் கடைசி நாட்களில் கிடைத்த உணவு அது. நீங்கள் போகும் வாகனத்தை மறித்து ஒரு பிள்ளை சிரட்டையை நீட்டினால் இறங்கி நின்று வாங்கிக் குடியுங்கள். காசு எவ்வளவு என்று கேட்டுவிடாதீர்கள். உங்கள் பிள்ளைகள் ஏன் இதில் ருசி இல்லை என்று கேட்டால், அந்த இடத்திலேயே சொல்லிக் கொடுங்கள்.

உங்களுக்குத் தேவைப்படாது என்றாலும் வேறு மாதத்தில் வருகிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். மே மாதம் இந்தக் கடலுக்கு நல்ல காலம்; சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் அமைதியாக இருக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து படகுகளைக் கரையில் ஏற்றிவிடும். அந்த நாட்களில் கடைக்காரர்கள் முத்தையன்கட்டு, இரணைமடு போன்ற குளங்களின் மீனுக்கு மாறுவார்கள். விராலும், நாங்கள் யப்பான் மீன் என்று சொல்லும் திலாப்பியாவும். "கடற்கரைக்கு வந்து குளத்து மீனா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். மாரியில் "கடல் மீன்தான்" என்று உறுதியாகச் சொல்லும் கடையைவிட, "இன்றைக்குக் குளத்து மீன்" என்று உண்மையைச் சொல்லும் கடையையே நான் தேர்ந்தெடுப்பேன். விராலை மாங்காய் போட்டுப் புளிக்குழம்பாக வைத்தால் சட்டியை வழித்துச் சாப்பிடலாம்.

பிள்ளைகளுக்கு உறைப்பு ஆகாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வன்னிக் குழம்பை மேசையில் வைத்துத் தண்ணீர் ஊற்றித் திருத்த முடியாது. காலையில் சொன்னால் இரண்டு துண்டு மீனை எடுத்துத் தனியாகச் சொதியாக வைத்துத் தருவார்கள். அதற்கு மேலதிகக் காசு கேட்டவரை நான் கண்டதில்லை, கேட்காவிட்டாலும் கொஞ்சம் கொடுங்கள். முதல் நாள் சாப்பிட்ட கடை பிடித்துப் போனால் இரண்டாம் நாளும் அங்கேயே போங்கள். இரண்டாம் நாள் உங்களை அடையாளம் கண்டு, மீன் தலையைச் சட்டியின் அடியிலிருந்து தேடி எடுத்து வைப்பார்கள். மூன்றாம் நாள் வரமாட்டோம், ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அவர் உங்களுக்காக ஒரு கூறு அதிகமாக வாங்கி வைத்திருப்பார்.

திரும்பும்போது கருவாடு வாங்குவதென்றால் கரையில் காயப்போட்டிருப்பவர்களிடமே வாங்கலாம். கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். நெளிந்தால் இன்னும் இரண்டு வெயில் காய வேண்டியது, சட்டென்று முறிந்தால் எடுக்கலாம். பத்திரிகைத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் உரப்பை ஒன்றைப் போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். கொழும்பு வரை பஸ்ஸில் போகிறீர்கள்.